முதலில் செம்பனை, அப்புறம் காடு

மலேசியாவில் பறவை பார்க்கப் பழக வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், பிரேசர் மலைக்குப் போ, தாமான் நெகாராவுக்குப் போ என்று உடனே அனுப்பி வைப்பார்கள். நான் அனுப்ப மாட்டேன். மலைக்காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றுசேர்ந்து கூட்டமாக இரை தேடும். உச்சிக் கிளைகளில் தாவிக்கொண்டே வரும்; நாம் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் போயே போய்விடும். பழகியவர்களுக்கு அது கொண்டாட்டம். புதிதாக வந்தவருக்குக் கழுத்து வலிதான் மிச்சம். வீட்டுக்குப் போய், "காட்டுல ஒண்ணுமே தெரியல" என்பார். அத்தோடு கடன் வாங்கிய தொலைநோக்கியும் திரும்பி வந்துவிடும்.

என்னைக் கேட்டால், முதல் பாடத்தைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஜனவரியில்.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று பலகையெல்லாம் மாற்றி வெகு காலமாகிவிட்டது; வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான். கித்தா (ரப்பர்) மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. ஈய லம்பத்துக்காக, அதாவது சுரங்கத்துக்காக, தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் குளங்களாகிவிட்டன. இந்த இரண்டுக்கும் நடுவில் போகிற ஒரு மண் சாலையில், பொங்கலை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில், ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது என் வழக்கம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், அவர்களை இறக்கிவிட வந்து அப்படியே கூட நடந்துவிடும் அம்மாக்கள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள். கோலாலம்பூரிலிருந்து பெரிய கேமராவோடு வருகிறவர்களும் உண்டு. இன்றைக்கு அரிய பறவை எதையும் தேடப் போவதில்லை என்று அவர்களிடம் மட்டும் புலனத்தில் (வாட்ஸ்அப்) முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு வருவதில்லை. நல்லதுதான்.

செம்பனை காட்டுக்கு ஈடு என்று வாதாட நான் வரவில்லை. காட்டை வெட்டிச் செம்பனை நட்டால் இருவாட்சி போய்விடும், தீக்காக்கை போய்விடும், காட்டுத் தரையில் வாழும் சிலம்பன் வகைகளும் போய்விடும். மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு அந்தக் கொஞ்சம்தான் வசதி. மரங்கள் வரிசையாக இருக்கின்றன, இடையில் வெளிச்சம் இருக்கிறது, பறவைகள் கண்ணுக்கு நேராக உட்காருகின்றன. ஒரே பறவையை ஒரே காலையில் ஐந்தாறு முறை பார்க்கலாம். ஐந்தாவது முறை பிள்ளைகளே பெயரைச் சொல்லிவிடுவார்கள். காட்டில் இந்த ஐந்தாவது முறை கிடைக்கவே கிடைக்காது.

சரி, ஏன் ஜனவரி? நமக்கு ஏது குளிர்காலம்? விடியற்காலை கொஞ்சம் சிலுசிலுவென்று இருக்கும், பாட்டிமார் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு மார்கழி பஜனைக்குப் போவார்கள், அவ்வளவுதான். ஆனால் சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் வட சீனாவிலும் பூச்சி புழு கிடைக்காமல் போகிற காலம் அது. அங்கே கூடு கட்டிய பறவைகள் செப்டம்பரிலிருந்தே தெற்கே இறங்கத் தொடங்கி, மார்ச், ஏப்ரல் வரை நம்மோடு இருக்கும். அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் மழை கொட்டுவதால் கூட்டத்தோடு நடக்க முடியாது. ஜனவரியில் மழை குறையும். வந்த பறவைகளும் தத்தம் இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. 1987-ல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. ஆசியா முழுக்க ஆட்கள் குளத்தங்கரையிலும் சேற்றுக் கரையிலும் நின்று எண்ணிக்கொண்டிருக்கும் அதே நாட்களில் நாமும் எண்ணுகிறோம் என்றால் பிள்ளைகளுக்கு ஓர் உற்சாகம்.

கூடும் நேரம் காலை ஏழு, கோவில் வாசலில். ஆறு மணிக்கே வந்து நிற்கும் ஆர்வக்காரர்களுக்கு இருட்டில் கொசுக்கடிதான் கிடைக்கும். ஜனவரியில் இங்கே சூரியன் எட்டிப் பார்க்கவே ஏழு இருபதுக்கு மேல் ஆகிவிடும். 1982 ஜனவரி 1-ல் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதற்கு முன்னால் பால் வெட்டப் போனவர்கள் அந்த அரை மணி நேரத்தை இன்னும் மறக்கவில்லை. "எங்க காலத்துல ஏழு மணின்னா நல்ல வெளிச்சம், பாதி மரம் வெட்டி முடிச்சிருப்போம்" என்று ஒரு பாட்டி ஒவ்வொரு தடவையும் சொல்வார். தாமதமாக வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

கூட்டிப் போகிறவனுக்கு வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எந்தப் பக்கம் மருந்தடிக்கிறார்கள், எந்தப் பக்கம் குலை வெட்டி லாரி ஓடுகிறது என்று விசாரித்து அந்தப் பக்கத்தை விட்டுவிட வேண்டும். செருப்பு கூடாது. வெட்டிப் போட்ட ஓலைகளை நிரைகளுக்கு நடுவில் அடுக்கி வைத்திருப்பார்கள். அதன் மேல் ஏறக் கூடாது. எலி இருக்கிற இடத்தில் நல்லபாம்பு இருக்கும், செம்பனையில் எலிக்குப் பஞ்சமே இல்லை. இதைச் சொன்ன பிறகு பையன்கள் யாரும் சாலையை விட்டு இறங்குவதில்லை. வேறெந்த விதியையும் இவ்வளவு ஒழுங்காக அவர்கள் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

"சத்தம் போடாதே" என்ற விதியை நான் வைப்பதில்லை. பறவை நடை என்றாலே வாயில் விரலை வைக்கிறவர்கள் இதற்கு என்னைக் கோபித்துக்கொள்வதுண்டு. தோட்டத்துப் பறவை லாரிச் சத்தத்திலும் மோட்டார் சத்தத்திலும் பிறந்து வளர்ந்தது. மெல்லப் பேசினால் அது பறந்துவிடாது. பறப்பது எப்போது என்றால், ஒரு கை சடாரென்று நீளும்போதும், ஒரு கூட்டம் நேராக அதை நோக்கி நடக்கும்போதும். ஆகவே கையை நெஞ்சோடு வைத்துக் காட்டு, சாய்வாக நட, நின்று நின்று போ. இந்த மூன்றும் போதும். கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு இழுப்பதற்கு மட்டும் அனுமதி இல்லை. அது தன் இடத்தில் வேறொருவன் வந்துவிட்டான் என்று நினைத்துப் பதறி ஓடி வருகிறது; நம் படத்துக்காக அதன் காலை நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைக் காதாகப் பயன்படுத்தலாம். ஆனால் அது சொல்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதலாம்.

பறவை எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்குக் காட்டுவது பெரிய கலை. "அதோ, அந்த மரத்துல" என்றால் தோட்டத்தில் எல்லாமே அந்த மரம்தான். இதில் தேர்ந்தவர்கள் பழைய தோட்டத்து ஆட்கள். வாழ்நாள் முழுவதும் நிரை எண்ணி வேலை செய்தவர்கள். முன்னாள் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) ஒருவர், நாங்கள் மாமா என்போம், தொலைநோக்கியையே தொட மாட்டார். "மூணாவது நெரை, உள்ள அஞ்சாவது மரம், கீழ்த்தட்டு ஓலை, வலது பக்கம்." அத்தனை கண்களும் ஒரே நேரத்தில் அங்கே போய் நிற்கும். கோலாலம்பூர் வழிகாட்டிகள் கடிகார முள்ளை வைத்துத் திசை சொல்வார்கள். அதை நான் விட்டுவிட்டேன். மாமாவின் முறைதான் வேகம்.

முதல் நிறுத்தம் பெரும்பாலும் வேலியோரம். அங்கே ஒரு பழுப்புக் கீச்சான் உட்கார்ந்திருக்கும். குருவியை விடக் கொஞ்சம் பெரிது, கண்ணின் மேல் கறுப்புப் பட்டை, வளைந்த முரட்டு அலகு. கம்பத்து உச்சியில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டு தரையைப் பார்க்கும். வெட்டுக்கிளி நகர்ந்தால் இறங்கி எடுத்துக்கொண்டு திரும்பவும் அதே கம்பத்துக்கு வந்துவிடும். புதியவர்களுக்கு இதை விட நல்ல பறவை கிடையாது. ஓடாது, ஒளியாது, திரும்பி வரும். பாட்டி ஒருமுறை கேட்டார், "இது போன வருஷமும் இங்கதானய்யா இருந்துச்சு?" இருந்திருக்கலாம். குளிர்காலத்துக்கு வரும் கீச்சான் தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு மற்றக் கீச்சான்களை விரட்டும். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கே திரும்புவது, காலில் வளையம் மாட்டி விட்ட பறவைகளை மறுபடி பிடித்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. வேலியோர வீட்டுக்காரர்கள் இதை வளையம் இல்லாமலே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

வளையம் மாட்டுவது என்றதும் ஒரு கதை சொல்வேன். 1963 முதல் 1971 வரை எலியட் மெக்கிளூர் என்ற அமெரிக்கர் தலைமையில் ஆசியா முழுவதும் லட்சக்கணக்கான பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள். மலேசியாவும் அதில் சேர்த்தி. பணம் போட்டது அமெரிக்க ராணுவம். பறவை மேல் பாசம் வந்து போடவில்லை. பறவைகள் நோயைச் சுமந்து வருகின்றனவா என்று தெரிந்துகொள்ளத்தான். எது எப்படியோ, எந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று நமக்கு இன்று தெரிந்திருப்பதில் ஒரு பங்கு அந்தப் பணத்தில் வந்தது. அப்போது நிறைய வளையம் வாங்கிய பறவைகளில் ஒன்று தகைவிலான். மலாய்க்காரர்கள் லாயாங்-லாயாங் என்பது. சாயங்காலமானால் பெந்தோங் கடைத்தெருவில் மின்கம்பி தெரியாமல் வரிசையாக உட்காருமே, அதுதான்.

எங்கள் குளத்தின் மேல் காலையில் தகைவிலான்கள் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றோடு இங்கேயே கூடு கட்டி வாழும் இன்னொரு தகைவிலானும் பறக்கும். கழுத்துக்குக் கீழே கறுப்புப் பட்டையும் வெளுத்த வயிறும் இருந்தால் வடக்கிலிருந்து வந்தது. பட்டை இல்லாமல் வயிறு அழுக்குச் சாம்பலாக இருந்தால் உள்ளூர். பறக்கும்போது இதைப் பார்க்கக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். கம்பியில் உட்காரும் வரை காத்திருப்பது புத்திசாலித்தனம்.

காத்திருந்தாலும் தெரியாத கேஸ் ஒன்று இருக்கிறது: மடையான். குளத்தோரம் மண் நிறத்தில் கூனிக்கொண்டு நிற்கும், பறந்தால் இறக்கை பளிச்சென்று வெள்ளை. சீன மடையானும் ஜாவா மடையானும் நம் பக்கம் வருகின்றன. ஜனவரியில் இரண்டும் ஒரே கோலம். கழுத்தில் ஒரே மாதிரிக் கோடுகள். மார்ச் கடைசியில் சீன மடையானுக்குத் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பாகும், அப்போது சொல்லிவிடலாம். ஜனவரியில் "மடையான்" என்று மட்டும் எழுதிவிட்டு நகர வேண்டும். பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை. ஆசிரியர்களுக்கு இன்னும் பிடிப்பதில்லை. கட்டத்தை நிரப்பாமல் விடுவது எப்படி என்று அவர்களுக்குப் புரிவதே இல்லை!

குளத்தில் ஆகாயத் தாமரை மண்டிய பக்கம் நீலத் தாழைக்கோழி நீண்ட சிவப்புக் காலால் இலை மேல் நடந்து போகும். கானாங்கோழி குஞ்சுகளோடு புல்லுக்குள் நுழையும். கருந்தலை மீன்கொத்தி ஒன்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்காவது ஒரு காய்ந்த குச்சியில் இருக்கும். கறுப்புத் தொப்பி, வெள்ளைக் காலர், ஊதா கலந்த நீல முதுகு. அம்மாக்கள் "அய்யோ, என்ன கலர் பாரேன்" என்பது இதற்குத்தான். சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாக மிதந்தால் எண்ணும் பாடம் அங்கே. பத்து வாத்தை எண்ணு, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் பிடி, அதே அளவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போ. வெவ்வேறு பேர் எண்ணினால் வெவ்வேறு விடை வரும். அதில் நடுவில் உள்ளதை எழுதுவோம்.

தூண்டில்காரர்கள் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்கள். தோமானுக்கும் விராலுக்கும். அவர்கள் முகத்தில் எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு சலிப்பு வரும், நியாயம்தான். ஆனால் மீன் பிடிக்கும் பருந்தான விராலடிப்பான் வந்துவிட்டால் அவர்களும் தூண்டிலை வைத்துவிட்டு மேலே பார்ப்பார்கள். குளிர்கால விருந்தாளிகளில் பெரியது இது. குளத்தின் மேல் நின்று நிதானித்து, காலை முன்னால் நீட்டித் தண்ணீரில் விழும். மீனோடு எழுந்தால் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன்: மீனின் தலை எப்போதும் முன்பக்கம் பார்த்திருக்கும். காற்று குறைவாகத் தடுக்கட்டும் என்று பறந்தபடியே திருப்பிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு விரலைப் பின்னாலும் திருப்ப முடிவதால் இரண்டு முன்னால் இரண்டு பின்னால் என்று வழுக்கும் மீனைக் கவ்விக்கொள்ளும். "நாங்க காலையிலேருந்து உக்காந்திருக்கோம், ஒண்ணும் மாட்டல. இவன் வந்தான், எடுத்தான், போயிட்டான்" என்றார் ஒரு தூண்டில்காரர். அதன் பிறகு என் தொலைநோக்கி அரை மணி நேரம் அவர் கையில்தான் இருந்தது.

இன்னொரு மாற்றமும் இந்தச் சாலையில் நடக்கிறது, ஆனால் ஒரே நடையில் பார்க்க முடியாது. இப்போது கம்பியில் இருப்பது நீலவால் பஞ்சுருட்டான். மார்ச் வாக்கில் இவை வடக்கே கிளம்பும்போது, சுமத்ராவிலிருந்து நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் முட்டையிட வரும். ஆலையில் ஷிஃப்ட் மாறுவது போல. எங்கள் ஊரில் குளிர்காலம் முடிந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான்.

செம்பனைக்குள் திரும்பும் இடத்தில் கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி. கூகைக்காக வைத்தது. எலி, செம்பனைப் பழத்தைக் கடித்துத் தின்னும். அதனால் நாட்டில் பல தோட்டங்கள் விஷம் வைப்பதைக் குறைத்துவிட்டுக் கூகைப் பெட்டி வைத்தன. இரண்டையும் சேர்த்து வைக்கும் இடங்களும் உண்டு. விஷம் தின்ற எலியைத் தின்று கூகை சாகும் என்பதால் அதை விட முட்டாள்தனம் இல்லை.

இங்கே வந்ததும் பெரியவர்கள் சிலர் சற்றுத் தள்ளியே நின்றுகொள்வார்கள். ஆந்தை அலறினால் வீட்டில் கெட்டது நடக்கும் என்று லயத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். நான் அதை மறுத்துப் பேசுவதில்லை. பெட்டியைத் தட்டவும் விடமாட்டேன், பகலில் உள்ளே தூங்குகிறது. கீழே தரையில் கிடக்கும் கறுப்பு உருண்டைகளைக் காட்டுவேன். கூகை எலியை முழுங்கிவிட்டுச் செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும். கையுறை மாட்டிய பிள்ளைகள் குச்சியால் பிரிப்பார்கள். தாடை, பல், விலா எலும்பு, சில சமயம் முழு மண்டை ஓடு. இவ்வளவு நேரம் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்த பையன்தான் முதலில் குந்துவான். "ஒரு உருண்டையில மூணு மண்டை, அங்கள்!" தள்ளி நின்ற அக்கா ஒருவர், குலை வெட்டும் வேலை பார்த்தவர், மெதுவாக வந்து குனிந்தார். "இவ்வளவு எலியையா தின்னுது? அப்ப நல்ல சாதிதான்." இருந்தாலும் பெட்டியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒன்பதரைக்கு மேல் வெயில் ஏறிவிடும். அடியில் இருக்கும் பறவைகள் அடங்கும். மேலே பாம்புக் கழுகு வட்டமிட்டுக் கூவத் தொடங்கும். கழுகு பார்க்க ஆசை வந்தவர்களிடம் தஞ்சோங் துவானைப் பற்றிச் சொல்வேன். போர்ட் டிக்சன் பக்கத்துக் கலங்கரை விளக்கம். சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டி வடக்கே திரும்பும் தேன் பருந்துகள் அங்கேதான் கரையேறுகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000-லிருந்து மார்ச் மாதத்தில் அங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சி நடத்தி வருகிறது. கடல் மேல் சிறகடித்துக் களைத்து, தாழ்வாக, தலைக்கு மேலே வரும். அதற்குள் பாம்புக் கழுகையும் செம்பருந்தையும் இங்கேயே பிரித்துப் பழகியிருந்தால் அங்கே திணற வேண்டியதில்லை.

பிரேசர் மலை? அடுத்த வருஷம் போகலாம். கீச்சானைத் தன்னால் கண்டுபிடித்து மூன்றாவது நிரை ஐந்தாவது மரம் என்று அடுத்தவருக்குக் காட்டத் தெரிந்தவரை எந்தக் காட்டுக்கு வேண்டுமானாலும் கூட்டிப் போவேன்.

பட்டியல் எழுதுவது ரொட்டி சானாய் கடையில். நான் பெயர்களை வாசிப்பேன், பார்த்தவர்கள் கை தூக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் என்ன நிறம், என்ன செய்தது என்று மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். இதில் பிள்ளைகள் ஈவிரக்கம் பார்ப்பதில்லை. சண்டை வருவது எப்போதும் கடைசியில், காகத்தில்.

"காக்காய எழுதுனீங்களா, தம்பி?" என்பார் மாமா. கேமராக்காரர்கள் சிரிப்பார்கள். நான் எழுதுவேன். வீட்டுக் காகம் இந்த நாட்டுப் பறவையே இல்லை. 1890-களில் சிலோனிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள், காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று. காப்பி போய்விட்டது, காகம் நின்றுவிட்டது. நகராண்மைக் கழகங்கள் சுட்டுப் பார்த்தும் குறையவில்லை. குயிலும் முன்பு இங்கே குளிர்கால விருந்தாளியாக மட்டும் வந்து போனது. காகக் கூடு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் இங்கேயே முட்டையிட்டுத் தங்கிவிட்டது. ஆகப் பட்டியலில் காகம் இல்லையென்றால் குயில் ஏன் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

"தோட்ட வேலைக்கின்னு கப்பல்ல கொண்டாந்தாங்களா? அப்ப நம்ம ஆளுதானே" என்றார் மாமா. மேசையே சிரித்தது. "எழுது, எழுது. எண்ணிக்கையும் போடு."

எத்தனை என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் ரொட்டியைப் பாதியில் விட்டுவிட்டுக் கடை வாசலுக்கு ஓடினார்கள்.